வானம் பார்த்த செய்தி

எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் திருச்சுழி வந்து சேரும்வரை இரண்டு பக்கமும் கரிசலும் வேலிக்கருவையும்தான். குண்டாற்றில் வெள்ளத்தைப் பார்த்த நாளைவிட மணலைப் பார்த்த நாள்தான் அதிகம். மழைக்காக அண்ணாந்தே பழகிய கழுத்து என்பதால், மதுரைக்கு இறங்கப் போகிற விமானம் எதுவும் எங்கள் கண்ணுக்குத் தப்பாது. ஆனாலும் இத்தனை வருடம் பார்த்தும் அதற்குள் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்ததில்லை. இரைந்துகொண்டு வரும், இரைச்சல் தேயும், போய்விடும். அந்த அறியாமையைப் போக்கிய தமிழ்ச் செய்தியாளப் பெருமக்களுக்கு இந்த வட்டாரத்தின் சார்பில் ஒரு பாராட்டுரை வாசிக்காவிட்டால், போட்ட பருத்தி எங்களுக்கு வெடிக்காது.

ஞானம் கிடைத்த நாள் 2024 அக்டோபர் 11. வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. திருச்சுழியில் எனக்குத் தெரிந்த ஒரு டிராக்டர் பட்டறையில் சாயங்காலப் பூஜை. ஸ்பேனர், ஜாக்கி, வெல்டிங் மிஷின், கிரீஸ் கன் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. வாசலில் உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு கிடந்தது. கையில் பொரிகடலையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மூலையில் இருந்த டிவியில், திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் வட்டம் அடித்துக்கொண்டிருந்தது.

மாலை 5.40 வாக்கில் கிளம்பிய போயிங் 737 அது. உள்ளே நூற்று நாற்பது பேருக்குக் குறையாது. ஏறிய கொஞ்ச நேரத்தில் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு. இரண்டரை மணி நேரம்போல வட்டமிட்டு, எட்டேகால் வாக்கில், திருச்சியிலேயே தன் சக்கரங்களில் வழக்கம்போல இறங்கியது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. நடந்தது இவ்வளவுதான். ஒரு சாதாரண ஆளிடம் கொடுத்தால் நாலு வரியில் முடித்து, பாழாக்கியிருப்பான். நீங்கள் அதை இரண்டரை மணி நேரக் காவியமாக்கினீர்கள்.

‘திக் திக் நிமிடங்கள்’ என்றீர்கள். நிமிடத்துக்கு ஒரு திக் என்று வைத்தாலும் நூற்றைம்பது திக். ‘நடுவானில் உயிருக்குப் போராடும் பயணிகள்’ என்றீர்கள். உள்ளே இருந்தவர்களுக்கே தெரியாத அந்தப் போராட்டம், திருச்சுழியில் பொரிகடலை தின்றுகொண்டிருந்த எங்களுக்குத் தெரிந்தது. விமானம் வயிற்றால் இறங்கப் போகிறது என்றும் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டீர்கள். விமானத்துக்கும் எங்களுக்கும் சேர்த்து வயிற்றைக் கலக்கியது.

பட்டறைத் தம்பிக்கு மட்டும் இந்தக் காவிய ரசனை கொஞ்சம் குறைவு. “சார், டிராக்டர்ல ஹைட்ராலிக் போச்சுன்னா கலப்பையத் தூக்காது. அதுக்காக வண்டி கவுந்துருமா? ஏன் சார் இந்தக் கத்துக் கத்துறாய்ங்க?” என்றான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போயிங் 737-இல் ஏ, பி என்று இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகள் தனித்தனியாக உண்டு, மூன்றாவதாக ஓர் உதிரியும் உண்டு. மூன்றும் போனாலும், விமானிகள் தங்கள் கைப்பலத்தால் விமானத்தின் அசைவைக் கட்டுப்படுத்த வழி இருக்கிறது. சக்கரம் இறங்காவிட்டால் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவிக்கலாம். சக்கரம் தன் எடையில் தானே கீழே வந்து நிற்கும். இதையெல்லாம் நீங்கள் சொல்லாமல் விட்டது உங்கள் பெருந்தன்மை. சொல்லியிருந்தால் எட்டு மணிக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் சீரியலுக்கு மாற்றியிருப்பார்கள்.

அடுத்து அந்த எரிபொருள் விவகாரம். இந்த ரக விமானம் ஏறத்தாழ 79 டன் எடையோடு கிளம்பலாம். இறங்கும்போது 66 டன் வாக்கில் இருக்க வேண்டும். ஷார்ஜாவரை போவதற்கு ஊற்றிய எண்ணெயோடு கிளம்பிய இடத்திலேயே உடனே இறங்கினால் பாரம் கூடுதல். தம்பி இதைத் தன் பாஷையில் சொன்னான்: “ஏத்தத்துல இழுத்துட்டுப் போன லோடு, எறக்கத்துல பிரேக்குக்கு நிக்காது சார்.” ஆகவே வட்டம் அடித்து எண்ணெயை எரித்துத் தீர்த்தார்கள். சும்மா சுற்றுவதுதான் அங்கே செய்ய வேண்டிய வேலை.

இதிலே என்ன சுவாரசியம் இருக்கிறது? எனவே விமானம் ‘எரிபொருளை வானத்தில் கொட்டுகிறது’ என்று நீங்கள் அறிவித்தீர்கள். போயிங் 737-இல் எரிபொருளைக் கொட்டும் குழாயே கிடையாது. பெரிய நீண்டதூர விமானங்களில் பலவற்றுக்கு உண்டு; இதற்கு வைக்கவே இல்லை. போயிங் கம்பெனி வைக்க மறந்த குழாயை, சியாட்டில் பக்கம் போகாமலே, ஒரே சாயங்காலத்தில் பொருத்தித் திறந்தும் விட்ட பொறியியல் திறமையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. பட்டறைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், “நம்ம காட்டுப் பக்கமா கொட்டுனா பம்புசெட்டுக்கு ஆகுமாப்பா?” என்று வாய்விட்டே கேட்டார். வறண்ட பூமிக்கு வானத்திலிருந்து எதையாவது பொழியவைத்த புண்ணியம் உங்களுக்கு.

இரவு விமானம் இறங்கிய பிறகு, விமானிகள் அவசரநிலை எதையும் அறிவிக்கவில்லை, முன்னெச்சரிக்கையாகத்தான் எடையைக் குறைத்தார்கள் என்று விமான நிறுவனம் விளக்கம் சொன்னது. பாருங்கள், விமானத்தை ஓட்டுகிறவர்களே அறிவிக்காமல் விட்டதைப் பொறுப்போடு நீங்கள் அறிவித்திருக்கிறீர்கள். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் ஓடுபாதை ஓரம் வந்து நின்றதைத் திரும்பத் திரும்பக் காட்டினீர்கள். விமானத்தில் ஒரு கோளாறு என்றால் அவை வந்து நிற்பது விமான நிலையத்தின் ஏற்பாடு. கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் நிற்பது மாதிரி. ஜெனரேட்டர் நிற்பதைப் பார்த்துக் கல்யாணம் நின்றுபோகும் என்று எண்ணுகிற நுண்ணறிவு உங்களுக்குத்தான் வாய்த்தது.

விடிந்ததும் ‘அதிர்ஷ்டவசமாக உயிர் தப்பினர்’ என்று எழுதினீர்கள். ஆண்டுக்கணக்காகப் பயிற்சி எடுத்த இரண்டு விமானிகள், கையில் இருந்த செயல்முறைப் பட்டியல், பராமரிப்புப் பொறியாளர்கள், கட்டுப்பாட்டுக் கோபுரம் இத்தனையையும் ‘அதிர்ஷ்டம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிய சொற்சிக்கனத்தை நினைத்தால் புல்லரிக்கிறது. இந்தக் கணக்கில், அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கு நாலுவழிச் சாலையில் காலை பஸ்ஸில் போய்ச் சேருகிற ஒவ்வொருவரும் தினமும் உயிர் தப்புகிறவர்களே. அவர்களையும் கொஞ்சம் கவனியுங்கள்.

உங்கள் பெருமையை முழுதாக உணர வேண்டுமானால் அதே திருச்சியில், அதே நிறுவனத்தில், ஏறக்குறைய அதே தேதியில், ஆறு வருடம் முன்னால் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குச் சற்று முன். துபாய்க்குக் கிளம்பிய விமானம், ஓடுபாதை முடிந்து, அங்கிருந்த ஆண்டெனாக்களிலும் சுற்றுச்சுவரிலும் இடித்துக்கொண்டு எழும்பியது. பயணிகளும் சிப்பந்திகளுமாக 136 பேர். வயிற்றில் அடிபட்ட விமானம் கடல் தாண்டப் பறந்துகொண்டிருந்தது. பிறகு மும்பைக்குத் திருப்பி இறக்கினார்கள். அங்கேதான் உண்மையில் ஒரு நூலிழை இருந்தது. அது இரண்டு மூன்று நொடிதான். அந்த நொடியில் நேரலை இல்லை, பொரிகடலை இல்லை, ‘திக் திக்’ சொல்ல ஆளும் இல்லை. ஊரே தூங்கியது.

அது ஏன் நடந்தது என்று விமான விபத்து விசாரணைப் பிரிவு பின்னால் அறிக்கை கொடுத்தது. விமானம் ஓடிக்கொண்டிருக்கும்போது தலைமை விமானியின் இருக்கைச் சாய்மானம் பின்னால் சாய்ந்துவிட்டது. அவர் கை எஞ்சின் விசையைப் பின்னுக்கு இழுத்துவிட்டது. விசை குறைந்ததை இருவருமே கவனிக்கவில்லை. ஒரு நாற்காலிச் சாய்மானம் 136 பேரைச் சுவரில் கொண்டுபோய் முட்டியது. இதை நான் சொன்னபோது பட்டறைத் தம்பி பொரி மெல்லுவதை நிறுத்திவிட்டான். “சீட்டு லாக்கு பிடிக்காம டிராக்டர் வாய்க்கால்ல எறங்குனத நானே பாத்துருக்கேன் சார். இது நெசமாவே பயந்தான்” என்றான்.

எங்கள் ஊர் மெக்கானிக் தன் தொழிலோடு பொருத்திப் பயப்படக்கூடிய ஒரு செய்தி அது. ஆனால் விசாரணை அறிக்கை வருவதற்கு மாதங்கள் ஆகும். அதற்குள் நீங்கள் வேறு வானத்துக்குப் போயிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கண்மாய் வற்றுவதும் இப்படித்தான், மூன்று மாதம் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வற்றும். நேரலைக்குச் சரிப்பட்டு வராது.

அபாயமில்லாத விமானத்துக்கு இரண்டரை மணி நேரம், அபாயத்தில் சிக்கிய விமானத்துக்கு மறுநாள் பழைய செய்தி. இந்த நீதித் தராசில் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சரிபார்க்க, முத்திரை ஆய்வாளர் யாரும் வரமாட்டார் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

பழைய விமானம் என்றால் உங்கள் பேனாவுக்கு இன்னொரு மடங்கு வேகம் கூடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செய்தது என்ற ஒரே தகுதியில், மாணவர்கள் பழகிய பயிற்சி விமானம்கூட உங்கள் கையில் ‘போர் விமானமாக’ப் பதவி உயர்வு பெற்றுவிடுகிறது. அரசாங்க ஊழியர்கள் முப்பது வருடம் காத்திருந்து வாங்குகிற பதவி உயர்வு.

ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 2015 மார்ச் 5 அன்று, 1942-இல் செய்த ரயன் பிடி-22 என்ற திறந்த கூண்டுப் பயிற்சி விமானத்தில் சாண்டா மோனிகாவிலிருந்து கிளம்பினார். எஞ்சின் சக்தி இழந்தது. எழுபத்திரண்டு வயது மனிதர், வீடுகள் நெருங்கிய ஊரில், வீடுகளைத் தவிர்த்து ஒரு கோல்ஃப் மைதானத்தில் கொண்டுபோய் இறக்கினார். வழியில் ஒரு மரத்தில் உரசியது. அவருக்கு நல்ல அடி. தரையில் இருந்த யாருக்கும் ஒன்றுமில்லை. உலகம் முழுக்க அவருடைய சினிமாப் பாத்திரங்களின் பெயரை வைத்தே தலைப்புகள் வந்தன. காரணமோ ரொம்பச் சின்னது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட் கழன்றுவிட்டது. ஜெட் என்றால் எங்கள் ஊரில் எக்செல் வண்டி வைத்திருக்கிற பால்காரருக்கும் தெரியும். வாயால் ஊதிச் சுத்தம் செய்து மாட்டிக்கொண்டு போவார். அடி பலமானதற்கும் விசாரணையில் ஒரு காரணம் எழுதியிருக்கிறார்கள்: தோளை இழுத்துப் பிடிக்கும் பட்டையைச் சரியாகப் பொருத்தவில்லை. ஒரு திருகாணி, ஒரு பட்டை. இவற்றை எழுதினால் படிக்கிறவன் தன் வண்டியைச் சோதித்துப் பார்ப்பான். அப்படியெல்லாம் வாசகனுக்கு வேலை வைக்கக் கூடாது என்ற உங்கள் கருணை பெரிது.

2011 ஜூன் 13 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ‘லிபர்ட்டி பெல்’ என்ற பழைய பி-17 குண்டுவீச்சு விமானம் பறந்தபோது இறக்கையில் தீப் பிடித்தது. விமானி அருகிலிருந்த மக்காச்சோளக் காட்டில் அழகாக இறக்கினார். ஏழு பேரும் நடந்து வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகுதான் விமானம் எரிந்தது. செய்திகள் பலவற்றில் ‘விமானம் விழுந்து நொறுங்கியது’. இறங்கியதற்கும் விழுந்ததற்கும் வித்தியாசம் பார்ப்பது கஞ்சத்தனம் என்று விட்டுவிட்டார்கள்.

தீயணைப்பு வண்டிகள் வந்தும் ஏன் அணைக்க முடியவில்லை என்ற இடம்தான் எங்களுக்கு முக்கியம். முந்தின மழையில் நிலம் ஊறிக் கிடந்ததால் வண்டிகள் காட்டுக்குள் நெருங்க முடியவில்லை. அதுவும் கருப்பு மண். கரிசல்காட்டுக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒரு மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறவர்கள் நாங்கள். மாட்டு வண்டி அச்சுவரை இறங்கிவிடும். அந்த மண்ணைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால், இல்லினாய்க்காரனும் பந்தல்குடிக்காரனும் அன்றைக்கே சொந்தக்காரர்கள் ஆகியிருப்பார்கள்.

எஞ்சின் நின்ற விமானிக்கு மேலிருந்து எங்கள் நாடு எப்படித் தெரியும் என்று நான் யோசிப்பதுண்டு. மாசி, பங்குனியில் அறுவடை முடிந்த காடு, மேசை மாதிரி கிடக்கும். இறங்கலாம் என்று தோன்றும். பக்கத்தில் வந்தால்தான் தெரியும், கால் நுழைகிற அளவு வெடிப்பு. முன்சக்கரம் மாட்டினால் கவிழ்ந்துவிடும். வற்றிய கண்மாய் உள்வாய் பரவாயில்லை, ஆனால் வேலிக்கருவை காடாக மண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பச்சை போர்த்திய தரை, அதற்கடியில் பசை. எனவே நாலுவழிச் சாலைதான் கதி. மேலே மின்கம்பி, கீழே லாரி. இவ்வளவையும் ஒரு நிமிடத்துக்குள் எடை போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் அவசரத் தரையிறக்கம் என்கிற வித்தை. 2025 நவம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே ஒரு சின்னப் பயிற்சி விமானம் நெடுஞ்சாலையில் அப்படித்தான் இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். அது தோல்வியல்ல, பாடம் தேறிய கதை. ஆனால் தேர்வில் தேறியவனைப் பார்த்து ‘பெயிலாவதிலிருந்து நூலிழையில் தப்பினான்’ என்று எழுதுவதில் உள்ள கவித்துவம், ‘தேறினான்’ என்பதில் இல்லையே.

பழைய விமானத்தில் இன்னொரு கதையும் உண்டு. 1935-இல் முதன்முதலாகப் பறந்த டக்கோட்டா விமான ரகத்தில் ஒன்றைப் புதுப்பித்து, ‘பரசுராமா’ என்று பெயரிட்டு, 2018 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குப் பறந்தே கொண்டுவந்தார்கள். இத்தனை வயதான ரகம், இத்தனை தேசங்களைத் தாண்டி, பத்திரமாக வந்து விமானப் படையில் சேர்ந்தது. திருச்சுழியில் யாரைக் கேட்டாலும் தெரியாது. அந்த டக்கோட்டா ஒரு தவறு செய்துவிட்டது. வழியில் எங்கேயும் விழவில்லை.

கடைசியாக உங்கள் நிலையத்து வரைகலையைச் சொல்லாவிட்டால் பாராட்டு முழுமை பெறாது. நெய் பூசிப் பீலி சூட்டிக் காவலோடு வைத்த வேல் போல என்ன பளபளப்பு! எண்ணெய்க் கறை இல்லை, ஒட்டு இல்லை, ஒடுக்கு இல்லை. செய்தியில் போயிங் என்று சொல்லும்போது திரையில் ஏர்பஸ் மிதந்தாலும் பளபளப்பு குறைவதில்லை. நிஜ விமானம்தான் பாவம். தினமும் பறப்பதால் பூச்சு உரிந்து, ஆணி தேய்ந்து, பணிமனையில் பொறியாளர் கையில் கழன்று கிடக்கும். இரவு முழுக்க டார்ச் அடித்து அதைப் பார்க்கிற ஆளை எந்தத் திரையிலும் நாங்கள் பார்த்ததில்லை. அவர் முகத்தில் கிரீஸ் இருக்குமோ என்னவோ.

அன்றைக்கு எட்டேகாலுக்கு விமானம் இறங்கியதும் பட்டறைத் தம்பி டிவியை அணைத்தான். நான் ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்துப் பார்க்கப் போனேன். “சார், வைங்க. இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளைக்குக் காலைல பூஜை பிரிச்சப்புறந்தான்” என்றான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வருடம் முழுக்க உழைத்த ஆயுதத்துக்கு ஒரு நாள் ஓய்வு. அன்று தறிக்காரர் தறியைத் தொடமாட்டார், கொத்தனார் கரண்டியைத் தொடமாட்டார், படிக்கிற பிள்ளைகளே புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிடும்.

அந்த நாளிலும் ஓயாமல் உழைத்தது உங்கள் மைக் ஒன்றுதான். அதன் களைப்பை நினைத்தால் எங்களுக்கு மனசு கேட்கவில்லை. வருகிற ஆயுத பூஜைக்கு அதைத் திருச்சுழிக்குக் கொடுத்தனுப்புங்கள். ஸ்பேனருக்குப் பக்கத்தில் வைக்கிறோம். சந்தனமும் குங்குமமும் எங்கள் செலவு.